ஆய்விதழ் வாசிப்பும் நோய்க்குறியியல் வல்லுநரின் தொடர்கல்வியும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பட்டம் பெற்ற மருத்துவர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் விதி. அவ்விதி கூட்டங்களில் பங்கேற்பதை மட்டுமே கல்வியாகக் கொள்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நோய்க்குறியியல் அறிவு புதுப்பிக்கப்பட்ட வரலாற்றை நோக்கினால், ஆய்விதழைப் படித்துவிட்டு முன்பு பார்த்த ஸ்லைடை மீண்டும் எடுத்துப் பார்க்கும் பழக்கமே அதன் தொடக்கநிலை வடிவமாகத் தெரிகிறது. 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் செய்த பணியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அப்பழக்கத்தின் இயல்பை விளக்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அதற்கான வாய்ப்பு எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தொடர் மருத்துவக் கல்வி, நோய்க்குறியியல், ஆய்விதழ், டோனவன், லீஷ்மன், விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

திண்டிவனத்தில் ஒரு சிறு பரிசோதனைக் கூடம். காய்ச்சலோடு வந்த ஒருவரின் விரல்நுனியிலிருந்தோ நரம்பிலிருந்தோ எடுத்த இரத்தம் கண்ணாடி வில்லையில் மெல்லிய படலமாகத் தடவப்படுகிறது. அதன்மேல் ஊற்றப்படும் சாயத்திற்கு இந்திய ஆய்வகங்களில் பரவலாக வழங்கும் பெயர் ‘லீஷ்மன் ஸ்டெயின்’. ஆய்வகப் பணியாளர் நாள்தோறும் உச்சரிக்கும் இப்பெயருக்கு உரியவரான வில்லியம் லீஷ்மன் ஒரு பிரித்தானிய இராணுவ மருத்துவர். சாயத்தின் செய்முறையை அவர் 1901இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து அதே இதழில் அவர் எழுதிய வேறொரு கட்டுரை கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைப் படித்த ஒருவரால் ஒரு நோயின் காரணம் உறுதிப்பட்டது.

நோய்க்குறியியல் வல்லுநர் நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் அல்லர். திசுவின் ஒரு துணுக்கையோ இரத்தத் துளியையோ கொண்டு, ‘இது இன்ன நோய்’ என எழுதிக் கையொப்பமிடுபவர். அவர் அறிந்திராத ஒன்று அவர் கண்முன்னே இருந்தாலும் பார்வைக்குப் புலப்படுவதில்லை. ஆகவே மருத்துவத்தின் பிற துறைகளைக் காட்டிலும் இத்துறையில் வாசிப்பு தொழிலின் ஒரு கருவியாகவே ஆகிவிடுகிறது. இக்கருவி பெருநகர்க் கல்லூரிக்கு வெளியே, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தில், யார் கைக்கு எட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பாடநூலும் இதழும்

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் பெருமுயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தம் மாணவர்களுடன் சேர்ந்து உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியியல் ஆகிய துறைகளின் பாடநூல்களைத் தமிழாக்கினார். தமிழ் அறிவியல் கலைச்சொல் வரலாற்றை எழுதுவோர் கிரீனைப் போற்றத் தவறுவதில்லை, அது தகும். ஆயினும் அவ்வரலாற்றில் கவனிக்கப்படாத ஓர் ஆண்டு ஒற்றுமை உண்டு. ராபர்ட் டுரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ எனத் தமிழில் வெளிவந்த ஆண்டு 1867. அதே ஆண்டு மார்ச் முதல் ‘லான்செட்’ இதழில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சீழ்பிடிக்காமல் காக்கும் தம் முறையைத் தொடர்கட்டுரையாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஆக, தமிழில் கிடைத்த புண் சிகிச்சை, அச்சான ஆண்டிலேயே பழையதாகத் தொடங்கிவிட்டது.

இது கிரீனின் குறை அன்று. பாடநூல் என்னும் வடிவத்தின் இயல்பு. ஒரு துறையின் நிலைபெற்ற அறிவைத் தொகுத்துத் தருவது அதன் வேலை. தொகுத்து முடிக்கும்போது துறை சற்று நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியை இட்டு நிரப்பவே மருத்துவ இதழ்கள் தோன்றின. தமிழ் மாணவருக்குப் பாடநூல் தமிழில் கிடைத்தது. அதன்பின் வந்தவற்றை அறிய அவர் ஆங்கில இதழையே நாட வேண்டியிருந்தது. மருத்துவத் தமிழ் பற்றிய நம் ஆய்வுகள் பெரிதும் சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சொல் கிடைத்தபின் அச்சொல்லைக் கொண்டு புதுச் செய்தி வந்துசேர்ந்ததா என்னும் கேள்வி அவற்றில் அரிதாகவே எழுகிறது.

பதினெட்டு நாள்: சென்னை, 1903

சார்லஸ் டோனவன் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் இருந்தார். பதவிப் பெயரளவில் அவர் நோய்க்குறியியலர் அல்லர். ஆனால் பிணவறையும் நுண்ணோக்கியும் அவர் அன்றாடத்தில் இருந்தன. நீண்ட காய்ச்சலும் பெருத்த மண்ணீரலுமாக மடிந்தோரை அக்காலத்தில் ‘நாட்பட்ட மலேரியா’ என்று எழுதிவிடுவது வழக்கம். 1903 ஏப்ரல் 9 அன்று, அப்படி இறந்த ஒருவரின் மண்ணீரல் தடவலில் டோனவன் சிறு உருண்டை வடிவங்களைக் கண்டார். அவை மலேரியாக் கிருமியைப் போல இல்லை. அவை இன்னவை என்று சொல்ல அவரிடம் பெயர் இல்லை. ஸ்லைடுகள் அவரிடம் இருந்தன.

அதே வகை வடிவங்களை நெட்லி இராணுவ மருத்துவமனையில் லீஷ்மன் 1900இலேயே பார்த்திருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் இருந்து நோயுற்றுத் திரும்பிய ஒரு படைவீரரின் மண்ணீரல் தடவல் அது. அவருக்கும் அவ்வடிவங்களின் பொருள் விளங்கவில்லை. பின்னர் 1903இல், ட்ரைபனோசோம் தொற்றால் இறந்த ஓர் எலியின் உறுப்புகளில் ஏறக்குறைய அதே தோற்றங்களைக் கண்டபோது பழைய ஸ்லைடு நினைவுக்கு வந்தது. டம்டம் வீரரிடம் கண்டவை இறப்புக்குப்பின் சிதைந்த ட்ரைபனோசோம்கள் ஆகலாம் என்று கருதி, இந்தியாவில் ட்ரைபனோசோம் நோய் இருக்கக்கூடும் என்னும் கருத்தை 1903 மே 30ஆம் நாள் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டார்.

கட்டுரை சென்னை வந்தது. ஜூன் 17 அன்று, விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் அவதியுற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி இரத்தம் எடுத்தார் டோனவன். அதே உருண்டைகள் அதிலும் இருந்தன. கட்டுரை இலண்டனில் அச்சானதற்கும் இச்சோதனைக்கும் இடைப்பட்ட காலம் 18 நாள். அதில் பெரும்பகுதி கடற்பயணத்திலேயே கழிந்திருக்கும். டோனவனின் கடிதம் ஜூலை 11ஆம் நாளிதழில் வெளியாயிற்று. அதாவது மறுமொழி அச்சேற 24 நாள் பிடித்தது. வாசகர் படித்து, சோதித்து, எழுதி, ஆசிரியர் கையில் சேர்த்து, அச்சிலும் ஏறும் முழுச்சுற்று ஆறு வாரத்தில் முடிந்திருக்கிறது. மின்னஞ்சலும் இணையதளமும் வாய்த்த இக்காலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளரின் விடை வர எத்தனை மாதம் ஆகும் என்பதை இதனைப் படிப்போர் தம் அனுபவத்தால் அறிவர்.

விரைவு ஒருபுறம் இருக்க, டோனவனின் வாசிப்பில் மூன்று கூறுகள் தெரிகின்றன. அவரிடம் ஏற்கெனவே விடை தெரியாத ஸ்லைடு இருந்தது. கட்டுரை வந்து விழுந்தது வெற்றிடத்தில் அன்று. படித்ததும் அதை அவர் தம் பொருளோடு ஒப்பிட்டார். மூன்றாவதுதான் இங்கு முதன்மையானது. அவர் கட்டுரையின் கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டு அதன் விளக்கத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார். இறந்தபின் சிதைந்த கிருமி என்பது உண்மையானால் உயிருள்ள சிறுவனின் மண்ணீரலில் அவ்வுருவம் தென்படக் காரணமில்லை. தென்பட்டது. லீஷ்மனின் விளக்கம் அந்த ஊசிமுனையில் தளர்ந்தது. அவர் கண்ட உருவமோ உறுதிப்பட்டது. டோனவன் தம் ஸ்லைடுகளைப் பாரிசிலிருந்த லாவெரானுக்கும் லிவர்பூலிலிருந்த ரொனால்டு ராசுக்கும் அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் ராஸ் அவ்வுயிரிக்கு ‘லீஷ்மேனியா டோனவனி’ எனப் பெயரிட்டார். காலா அசார் எனப்படும் நோயின் காரணி அதுவே. மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘எல்.டி. பாடி’ என்று மனப்பாடம் செய்வது லீஷ்மன், டோனவன் ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளைத்தான்.

இதனை வெறும் வீரக்கதையாக எழுதிவிட முடியாது. பெருத்த மண்ணீரலில் ஊசி செலுத்துவது உட்குருதிப்போக்கால் உயிருக்கே கேடாகக் கூடிய செயல். அந்தச் சிறுவனிடமோ பெற்றோரிடமோ இசைவு கேட்கும் நெறி அக்காலனிய மருத்துவமனைக்கு இருந்ததில்லை. லீஷ்மனும் டோனவனும் உயிரியின் பெயரில் நிலைத்தார்கள். சென்னைச் சிறுவன் வயதாலும் காய்ச்சலாலும் மட்டும் குறிக்கப்பட்டு மறைந்தான். ஆய்விதழ் வாசிப்பின் வரலாற்றை எழுதும்போது, வாசிப்பவர் யாருடைய உடலை வைத்துச் சரிபார்க்கிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இருப்புப்பாதை இருந்தது, இதழ் வந்ததா?

டோனவனுக்குக் கிட்டியது அக்காலத் திண்டிவனத்திற்குக் கிட்டியிருக்குமா? தபாலைப் பொறுத்தவரை தடையில்லை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனம் வழியாக விழுப்புரம் செல்வது; விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இலேயே கிளைப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. சென்னையில் இறங்கிய இதழ் மறுநாள் திண்டிவனம் சேர்ந்திருக்கலாம். இல்லாதிருந்தவை வேறு: சந்தாவுக்கான பணம், பிணவறை, நல்ல நுண்ணோக்கி, பக்கத்தில் அமர்ந்து வாதிட இன்னொருவர்.

திண்டிவனத்தின் மருத்துவ வரலாற்றில் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆர்க்காட்டு மிஷன் மருத்துவரான இரண்டாம் ஜான் ஸ்கடர் அவ்வூரில் பணியாற்றினார். 1890களின் முற்பகுதியில், அங்கிருந்த அவர் மகள் ஐடாவிடம் ஒரே இரவில் மூன்று ஆடவர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தத்தம் மனைவியைக் காக்க வருமாறு வேண்டினர். ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயில அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவாயிற்று; அதுவே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இரவு நிகழ்ந்தது திண்டிவனத்தில். கல்லூரியும் நூலகமும் ஆய்வகமும் எழுந்தது வேலூரில். இவ்வட்டாரத்தின் மருத்துவ வரலாறு நெடுகிலும் இப்போக்கைக் காணலாம். கிழக்கே புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964இல் ஜிப்மராகவும் ஆனது. நோயாளி இங்கிருந்து செல்கிறார். அவர் திசு ஃபார்மலின் புட்டியில் செல்கிறது. திரும்பி வருவது அறிக்கை மட்டுமே. அவ்வறிக்கைக்குப் பின்னுள்ள வாசிப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

தனித்துப் பணியாற்றிய மாவட்ட மருத்துவருக்காக இந்தியர் ஒருவர் இதழ் தொடங்கியதை இங்குக் குறிப்பிட வேண்டும். டோனவன் நிகழ்வுக்கு மறு ஆண்டான 1904இல், சென்னையில் மருத்துவர் யு. ராமராவ் ‘தி ஆன்டிசெப்டிக்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். (இவர் பின்னாளில் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் தலைவராகவும் இருந்தவர்.) 1867இல் யாழ்ப்பாணத்துத் தமிழ் நூலுக்கு எட்டாதிருந்த லிஸ்டரின் கருத்து, 37 ஆண்டுகளில் ஒரு சென்னை இதழின் பெயராகிவிட்டிருந்தது. கல்கத்தாவில் 1866 முதல் வெளிவந்த ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ பெரிதும் அரசுப்பணி மருத்துவர் உலகைச் சார்ந்தது. 1913இல் தொடங்கிய ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ ஆய்வாளருக்கானது. இவற்றுக்கு நடுவே, ஊரில் தனியாக மருத்துவம் பார்க்கும் இந்தியரை வாசகராகக் கொண்ட இதழ் என்பதே ‘ஆன்டிசெப்டி’க்கின் தனித்தன்மை. நூறாண்டு கடந்தும் அது நின்றதற்கு அவ்வாசகரே காரணமாதல் வேண்டும்.

ரொட்டிக்கடை மாடியில்

இந்திய நோய்க்குறியியலர் சங்கம் 1949இல் அமைந்தது. அதன் இதழ் 1958இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பேத்தாலஜி அண்ட் பாக்டீரியாலஜி’ என்னும் பெயரில் தொடங்கியது. ‘பாக்டீரியாலஜி’ பின்னர் ‘மைக்ரோபயாலஜி’ ஆயிற்று. இத்துறையில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர் எவரும் ‘ஜர்னல் கிளப்’ என்னும் சொல்லை அறிவார். ஒரு மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துரைப்பார். மூத்தோர் குறுக்குக் கேள்வி கேட்பர். பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்ட இவ்வாசிப்புக் கூட்டத்தின் தோற்றம் கவனத்திற்குரியது.

இலண்டன் புனித பர்த்தலோமியோ மருத்துவமனை வாயிலருகே ஒரு ரொட்டிக்கடையின் மேல்மாடி அறையில் மாணவர் சிலர் கூடி இதழ் படித்ததை ஜேம்ஸ் பேஜெட் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார். அது 1835ஐ ஒட்டிய காலம். வில்லியம் ஆஸ்லர் 1875இல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அமைத்த கழகமே முதல் முறையான ‘ஜர்னல் கிளப்’ எனக் கொள்ளப்படுகிறது. அதன் உடனடி நோக்கம் எளியது. வெளிநாட்டு இதழ்களுக்குத் தனித்தனியே சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கி, சுற்றுக்கு விட்டார்கள். இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேஜெட் மாணவப் பருவத்திலேயே பிணக்கூறு அறையில் மனிதத் தசையில் ஒட்டுண்ணிப் புழுவைக் கண்டவர். ஆஸ்லர் மறு ஆண்டே மான்ட்ரியல் பொது மருத்துவமனையின் நோய்க்குறியியலராகி நூற்றுக்கணக்கான உடற்கூறாய்வுகளைச் செய்தவர். இதழை ஒன்றுகூடிப் படிக்கும் வழக்கம் பிணவறைக்கு அருகிலேயே தோன்றியிருக்கிறது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கையில் பொருள் இருந்தவர்களுக்கே இதழ் அவசரத் தேவையாக இருந்தது.

ஆஸ்லரின் கழகம் தீர்த்தது பணச் சிக்கலை. நம் கல்லூரிகளின் ஜர்னல் கிளப் தேர்வுக்குரிய பயிற்சி. படிப்பு முடிந்ததும் மாணவர் அதிலிருந்து வெளியேறுகிறார். கல்லூரி இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறது. ஊருக்குத் திரும்பிய பட்டதாரிக்கு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

ஒரு பெயர் மாறியபோது

தென்னார்க்காட்டைப் பிரித்து 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 2010இல். அதற்கு முன் இம்மாவட்டத்திற்கென அரசு மருத்துவக் கல்லூரி நூலகம் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு ஏறத்தாழ 40 கி.மீ.; இரண்டிலிருந்தும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ அதே தொலைவு. இத்தொலைவு பெரிதன்று. ஆனால் மாலைவரை அறிக்கைகளில் கையொப்பமிட்டுவிட்டு ஒரு கட்டுரைக்காக 40 கி.மீ. செல்பவர் இருப்பார் என்று நம்பிக் கொள்கை வகுக்க இயலாது.

வாசிப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று போதும். கழுத்தில் தைராய்டுக் கட்டியோடு வரும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். கட்டி அகற்றப்பட்டுத் திசுச் சோதனைக்கு வருகிறது. உறையால் சூழப்பட்டு, உறையைத் துளைத்து ஊடுருவாமல், செல்களின் உட்கரு மட்டும் ‘பாப்பிலரி’ வகைப் புற்றின் சாயல் காட்டும் ஒருவகைக் கட்டி உண்டு. நெடுங்காலம் அது புற்றுநோய் என்றே எழுதப்பட்டது. எஞ்சிய தைராய்டையும் அகற்றுவது, கதிரியக்க அயோடின் கொடுப்பது என்று சிகிச்சை நீண்டது. 2016 ஏப்ரலில் ‘ஜாமா ஆன்காலஜி’ இதழில் யூரி நிகிஃபோரோவும் பன்னாட்டு வல்லுநர் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நோய்க்குறியியலர்கள் ஸ்லைடுகளைத் தனித்தனியே பார்த்தனர். ஊடுருவாத கட்டி கொண்ட 109 பேர் 10 முதல் 26 ஆண்டுவரை கண்காணிக்கப்பட்டிருந்தனர். அனைவரும் உயிரோடிருந்தனர், ஒருவரிடமும் நோயின் அடையாளம் இல்லை. ஆகவே அக்கட்டியின் பெயரிலிருந்து ‘கார்சினோமா’ என்னும் சொல்லை நீக்கி, ‘என்.ஐ.எஃப்.டி.பி.’ எனச் சுருங்க வழங்கும் புதுப் பெயரை அவர்கள் இட்டனர். உலக நல அமைப்பின் 2017ஆம் ஆண்டு வகைப்பாடு அதை ஏற்றது.

இது வெறும் பெயர் மாற்றம் அன்று. ஊடுருவல் இல்லை என்று சொல்வதற்குக் கட்டியின் உறை முழுவதையும் துண்டுகளாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு இப்பெயரை எழுத முடியாது. ஆக, கட்டுரையைப் படித்தவரின் கத்தி வேறுவிதமாக வெட்டுகிறது. ஆய்வகத்தின் செலவும் நேரமும் கூடுகின்றன. 2018இல் இதற்கான வரையறைகள் மேலும் இறுக்கப்பட்டன. 2016ஐப் படித்து 2018ஐத் தவறவிட்டவர் புற்றை, புற்றல்ல என்று எழுதிவிடும் இடரும் உண்டு. ஒரு கட்டுரையைப் படிப்பது போதாது, அதன் தொடர்ச்சியையும் பின்பற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கும். அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அதை வாங்கும் குடும்பத்தார் கேட்பது ‘புற்றா, இல்லையா’ என்று தமிழில். விடை, எங்கோ ஒருவர் ஒரு கட்டுரையைப் படித்தாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. அவர்கள் அதை அறிய வழியில்லை.

முப்பது மணி நேரம்

இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள், மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொழில்சார் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. கூட்டத்தைப் புகழ்பெற்ற கல்விசார் அமைப்போ அங்கீகாரம் பெற்ற அமைப்போ நடத்தியிருக்க வேண்டும். விதியின் சொற்கள் தெளிவானவை: கூட்டம், பங்கேற்பு, மணி நேரம். வாசிப்பு என்னும் சொல் அங்கு இல்லை. காரணம் ஊகிக்கத் தக்கதே. கூட்டத்தில் வருகைப் பதிவேடு உண்டு, சான்றிதழ் உண்டு. இரவு பத்து மணிக்கு வீட்டில் படிப்பவருக்குச் சான்றளிப்பவர் யார்? எண்ண முடிந்ததை மட்டும் கல்வி என்று ஏற்கும் நிருவாக மனப்பாங்கு மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழக ஆய்வாளராகிய நாமும் கருத்தரங்கச் சான்றிதழ்களால் கோப்பை நிரப்பிப் பழகியவர்களே.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய தொழில்நெறி விதிகள் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து பொறுப்பு கூடியது. ஆய்வக அறிக்கையில், நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்த பதிவுபெற்ற மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உறுதிசெய்தது. நோயாளியின் நோக்கில் இது வரவேற்கத்தக்க தீர்ப்பு. எனினும் சிறு நகரங்களில் இருக்கும் சில வல்லுநர்கள்மேல் கையொப்பச் சுமை ஏறுவது இதன் இயல்பான விளைவு. கையொப்பமிடும் தகுதியைச் சட்டம் வரையறுத்துவிட்டது. அத்தகுதி எவ்வாறு பழுதடையாமல் இருக்கும் என்பதை ஐந்தாண்டுக்கு 30 மணி நேரக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டது.

இதழ் கிடைக்கும் வழியும் இதே காலத்தில் மாறியது. விதி வந்த 2002ஆம் ஆண்டு ஜனவரியில் உலக நல அமைப்பு ‘ஹினாரி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏழை நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அளித்தது. இந்தியா அதன் பயனாளர் பட்டியலில் இடம்பெறவில்லை. பதிப்பகங்களின் கண்ணுக்கு இந்தியா விற்பனைக்குரிய சந்தை. திண்டிவனமும் அச்சந்தையின் பகுதியாகவே எண்ணப்பட்டது. 2024 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்பது அதன் அளவு. பெரிய முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் பயனாளர், மைய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மைய அரசின் ஆய்வு நிறுவனங்களும் ஆவர். அரசு மருத்துவக் கல்லூரியில் பயில்பவரும் பயிற்றுவிப்பவரும் இவ்வரையறைக்குள் வரக்கூடும். திண்டிவனம் கடைத்தெருவின் தனியார் பரிசோதனைக் கூடத்தில் அமர்ந்து கையொப்பமிடும் வல்லுநர் இதற்குள் வருவதில்லை. அவருக்கு எஞ்சுவன, கட்டணமின்றித் திறந்திருக்கும் இதழ்கள். இந்திய நோய்க்குறியியல் சங்க இதழ் இணையத்தில் அவ்வாறு கிடைப்பது பேருதவி. ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கும் பழக்கமில்லாத ஆய்வகப் பணியாளருக்கோ, சாயம் ஏற்றுபவரும் திசு வெட்டுபவரும் அவரே ஆயினும், தமிழில் ஒரு திங்களிதழும் இல்லை. கிரீன் விட்ட இடத்திலேயே அது நிற்கிறது.

அளக்க முடியாது என்பதால் வாசிப்பை விதி விட்டுவிட்டது என்றால், டோனவனின் முறை அளக்கத் தக்கதே. படித்த கட்டுரை எது, அதனால் பெட்டியிலிருந்து மீண்டும் எடுத்துப் பார்க்கப்பட்ட ஸ்லைடுகள் எவை, அவற்றுள் எத்தனையில் முந்தைய அறிக்கை திருத்தப்பட்டது என்னும் மூன்று வரிகளை ஒரு பதிவேட்டில் எழுதலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக நடத்திவரும் புறத் தர மதிப்பீட்டுத் திட்டத்தில், சிறு ஆய்வகங்களுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டு விடைகள் ஒப்பிடப்படுகின்றன. மாதிரியோடு ஒரு கட்டுரையையும் சேர்த்து அனுப்பி விடை கேட்பது அதிலிருந்து ஓர் அடி தொலைவே. மாநில மருத்துவ மன்றம் அப்பதிவேட்டிற்கு ஆண்டுக்குச் சில மணி நேர மதிப்பளிக்க முன்வந்தால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தனித்தனியே கையொப்பமிடும் வல்லுநர்கள் மாதம் ஒருமுறை முண்டியம்பாக்கத்தில் கூடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். அவர்கள் கையில் எடுத்துவர வேண்டியது, தங்களுக்கு விடை தெரியாத ஒரு ஸ்லைடு.